பதில் சொன்ன குரல்

பாட்டு நல்ல பாட்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அது மட்டமான பாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போடியிலிருந்து மலை மெட்டுக்கு ஏறுகிற ஜீப்புகளில் அது ஓடாத நாள் இல்லை. டிரைவர்கள் செல்லில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஏலக்காட்டுக்குப் போகிற பொம்பளைகள் காலையில் சும்மா கேட்பார்கள். சாயங்காலம் இறங்கும்போது கேட்டு அழுவார்கள். காட்டில் மரக்கொப்பு விழுந்து ஒருத்தி சாகிறாள். செத்த பிறகும் புருஷன் கூப்பிட்ட குரலுக்கு அவள் பதில் சொல்கிறாள். அதுதான் பாட்டு.

செத்தது என் அக்கா. பாட்டைக் கட்டியவர் அக்கா புருஷன். பதில் சொன்னது அக்கா இல்லை. நான்.

நான் ராசிங்காபுரத்துக்காரி. அஞ்சாவது வரை படித்தேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஏலக்காடுதான் சோலி. எழுதிப் பழக்கமில்லை. அக்கா மகள்தான் நோட்டு வாங்கிக் கொடுத்து, பேசுகிற மாதிரியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள் என்றாள். அழகுபடுத்த எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அந்த வேலையை வேறொருவர் செய்தார்.

ஏலக்காய் எடுப்பது நின்று செய்கிற வேலை இல்லை. செடி ஆளைவிட உயரம். காய் தூரில் இருக்கும், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில். குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, விளைந்ததை மட்டும் எடுக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பக்கத்துத் தூரில் இருக்கிறவள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். மழைக்காலத்தில் மஞ்சு வேறு இறங்கும். பனிமூட்டத்தை மலையில் மலையாளத்துக்காரர்கள் மாதிரி நாங்களும் மஞ்சு என்றுதான் சொல்வோம். மஞ்சு இறங்கினால் நீட்டின கை தெரியாது. யானை நடமாடுகிற காடு. பள்ளம் உண்டு. பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போன கங்காணி பதினெட்டுப் பேரையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் கங்காணி என் மச்சான்தான், அக்கா புருஷன். மற்ற தோட்டங்களில் விசில் ஊதுவார்கள், தகரத்தைத் தட்டுவார்கள். அவர் பாடுவார். மேலே பாறையில் நின்றுகொண்டு ஒரு அடி பாடி நிறுத்துவார். மேல் வரிசையில் முதல் ஆள் அதே மெட்டில் "இருக்கேன்" என்பாள். அடுத்த அடிக்கு அடுத்தவள். பதினெட்டு அடி, பதினெட்டு இருக்கேன். கடைசி ஆள் பள்ளத்தில் இருப்பாள். அவள் சொல்கிறது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். ஒரு சுற்று முடிந்து கொஞ்ச நேரம் போனதும் அடுத்த சுற்று. இப்படி நாள் முழுக்க.

அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மழை முதுகில் ஊசி குத்துகிற மாதிரி விழுந்துகொண்டிருக்கும். காலில் அட்டை ஏறும். இடுப்பு கழன்றுவிடும். அவர் குரல் மேலேயிருந்து இறங்கும்போது எல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிடும். தன் முறை வருவதற்காகப் பொம்பளைகள் காத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய பாட்டில் நமக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது என்கிற சந்தோஷம். எங்கள் ஜீப்பில் இடம் பிடிக்க அத்தனை போட்டி.

ஆள் எப்படி என்றால், கையும் காலும் நீளம். அக்காவுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான வருஷமே போனது. வேலை செய்கிற பொம்பளைகளைக் கையால் தொடமாட்டார். அவர்களுக்குப் பாட்டு இருந்தது. யாராவது எதிர்த்துப் பேசினால் மறுநாள் சுற்றில் அவளுக்கென்று ஒரு அடி வரும்.

எனக்கும் வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் திருப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அந்த வாரம் அக்கா முகத்தில் இருந்த வீக்கத்தைப் பற்றி நான் மச்சானிடம் கேட்டிருந்தேன். ஜீப்பில் எல்லார் முன்னாலும் கேட்டது என் தப்பு. மறுநாள் என் முறை வந்தபோது பாடினார்.

*எட்டு மழை குடிச்ச தூரு*
*எரு போட்டும் காய்க்காத தூரு*
*கட்டுமட்டா நிக்குது பாரு*
*கண்ணுக்கு மட்டும் பச்சைத் தூரு*

பாடி நிறுத்தினார். பதினேழு பொம்பளைகளும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் "இருக்கேன்" என்றேன். மெட்டு பிசகாமல் சொன்னேன். ஏன் என்றால் அந்த மெட்டு அப்படி. அதைப் பிசகவிட மனசு வரவில்லை. இன்றைக்கும் பாத்திரம் விளக்கும்போது என்னை அறியாமல் அந்த நாலு அடி வாயில் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தி ஒதுங்கப் போனால், அல்லது முடியாமல் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால், பக்கத்துத் தூர்க்காரி அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்வாள். குரலை மாற்றிச் சொல்வாள். இது எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஆனால் அவரிடம் பலிக்காது. அவர் காது அப்படி. பதினெட்டுப் பேரின் குரலும் அவருக்கு மனப்பாடம். யாருக்குச் சளி, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறாள், யார் பொய் சொல்கிறாள், எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கண்டுபிடிப்பார். நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒருத்திக்காக மாற்றிச் சொல்லி மாட்டினேன். பாட்டை நிறுத்தவே இல்லை. அடுத்த அடியிலேயே, ஒரு வாய்க்கு ரெண்டு நாக்கா என்று மெட்டோடு கேட்டார். அன்றைக்கு எங்கள் ரெண்டு பேர் சாக்கையும் நானே காய் எடை போடுகிற ஸ்டோர் வரை சுமந்தேன். மேட்டு வழி. அதற்குப் பிறகு யாரும் முயற்சி செய்யவில்லை.

அக்காவுக்காக மட்டும் செய்யலாம் என்று நினைத்தேன். அக்கா குரலும் என் குரலும் ஒன்று. எங்கள் அம்மாவே வாசலில் கூப்பிட்டால் எந்த மகள் என்று கேட்டுத்தான் கதவைத் திறப்பாள்.

அது ஆடி மாதம். அக்கா சாவதற்கு முதல் நாள் ஜீப்பில் அவள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவர் வீட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த பாட்டு. இன்னும் யாருக்கும் பாடிக் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் கேட்டுவிட்டு, "ஏத்தா, ஒன் புருஷன விட நீ நல்லா பாடுறியே" என்றாள். முன் சீட்டில் அவர் இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா ஜீப்பில் ஏறும்போது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. நான் கை கொடுத்தேன். இடுப்பில் மிதித்திருந்தார். தோட்டத்தில் வரிசை பிரிக்கும்போது அவளைப் பள்ளத்தில் கடைசித் தூருக்கு அனுப்பினார். எனக்கு அதற்கு முந்தின தூர்.

கொஞ்ச நேரத்தில் அக்கா சருகுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "என்னால குத்தவைக்க முடியல புள்ள. அந்த மரத்தடியில கொஞ்சம் சாஞ்சிருக்கேன். கூப்புட்டா நீ சொல்லிரு."

சரி என்றேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசினது.

முதல் சுற்றில் அவளுக்காகச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலும் சொன்னேன். பிறகு காற்று எழும்பியது. எங்கோ கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. ஆடிக் காற்றில் கொப்பு முறியாத நாள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு காய் எடுத்தேன். மூன்றாவது சுற்று வந்தது. அவளுக்காகச் சொன்னேன்.

அப்போது அவர் ஒரு மூச்சு நிறுத்தினார்.

நிறுத்துகிற இடம் இல்லை அது. கடைசி ஆள் சொன்னதும் அவர் இழுத்து முடிப்பார். அன்றைக்கு ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தார். மாட்டிக்கொண்டேன் என்று பயந்தேன். என்னைப் பற்றி ஒரு அடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாட்டை எடுத்து முடித்தார். அன்றைக்கு அதுவரை கேட்காத மாதிரி முடித்தார். மழையும் குரலும் சேர்ந்து இறங்கின. எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நாலாவது சுற்றிலும் சொன்னேன்.

எடை போடுகிற நேரத்தில்தான் அக்கா வரவில்லை என்று தெரிந்தது. போய்ப் பார்த்தோம். கொப்பு அவள் இடுப்புக்கு மேலே கிடந்தது. ஒரு கை வெளியே இருந்தது. விரல் மண்ணைத் தோண்டியிருந்தது, நாய் தோண்டின மாதிரி. வாயில் எறும்பு.

உடனே உயிர் போகவில்லை என்று போடி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு மூன்று மணி நேரம் இருந்திருப்பாள் என்றார்கள். அந்த நேரத்தில் அவளும் பதில் சொல்லியிருக்கலாம். மூச்சு இருந்த அளவுக்குச் சொல்லியிருக்கலாம். நான்தான் பக்கத்திலிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவர் அந்தப் பாட்டைப் பாடினார். சாப்பிட உட்கார்ந்தவர்கள் இலையில் கை வைக்கவில்லை.

*மஞ்சுக்குள்ள மரம் விழுந்து*
*மண்ணோட நீ கெடந்தும்*
*கொஞ்சநேரம் கூட நிக்காம*
*கூப்புட்ட கொரலுக்கு வந்தியே*

அந்த இடத்தில் நிறுத்தினார். எங்கள் ஜீப் பொம்பளைகள் எல்லாரும் ஒரே குரலில் "இருக்கேன்" என்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழக்கம். நானும் சொன்னேன். நானும் அழுதேன். மிதித்தது எனக்குத் தெரியும். பதில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழுதேன். அவ்வளவு நல்ல பாட்டு.

பிறகு கொப்பு விழுந்த மரத்தடியில் யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ வளையலைத் தொங்கவிட்டார்கள். பதில் சொன்ன ஆத்தா என்று பேர் வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் அங்கே போய் வேண்டிக்கொள்கிறார்கள். என்னையும் ஒருத்தி கூப்பிட்டாள். போனேன். வளையல் கட்டினேன்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. பயம். நான் ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் தேடி வந்திருப்பார், அக்கா பிழைத்திருப்பாள். இருபது வருஷம் இதை வைத்துக்கொண்டு இருந்தேன். அக்காவின் நாலு வயதுப் பிள்ளையை என்னிடம் விட்டார்கள். அவளை வளர்ப்பதுதான் எனக்குத் தண்டனை என்று நினைத்தேன். அது தண்டனையாக இல்லை. அதுவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மகள் காலேஜ் முடித்து போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அம்மா முகம், அப்பா காது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால்கூட எந்தச் சுருதி என்று சொல்வாள். போன வருஷம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. நாக்கும் போனது. "ஏ" என்று ஒரு இழுப்பு மட்டும் வரும். பார்க்க ஆள் இல்லை. என் வீட்டில்தான் கட்டில் போட்டேன். கழுவி விடுவதும் நான்தான். அவர் என்றுதான் எழுதுகிறேன். பழக்கம் போகவில்லை.

இந்த வருஷம் ஊர்த் திருவிழாவில் அவருக்குச் சால்வை போடுவதாகக் கமிட்டியில் முடிவு செய்தார்கள். அவர் மேடையில் உட்கார வேண்டும். மகள் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். மதுரையிலிருந்து படம் பிடிக்க ஆள் வருகிறது. மகள் சம்மதித்துவிட்டாள்.

ஜீப்பில் இதே பேச்சு. புதிதாக வேலைக்கு வருகிற ஒரு பிள்ளை, பன்னிரண்டாவது படித்தவள், வாய் சும்மா இருக்காது.

"பொண்டாட்டிய மிதிச்ச ஆளுன்னு ஊருக்கே தெரியும். அவருக்குப் போயி சால்வையா?"

மூத்தவள் ஒருத்தி, என்னோடு அந்தக் காலத்திலிருந்து வருகிறவள், விடவில்லை. "சால்வை பாட்டுக்குத்தான்டி. ஆளுக்கா போடுறாக?"

"பாட்டுக்குத் தோளு இருக்கா? ஆளு தோள்லதான விழும்."

ஜீப்பே சிரித்தது. மூத்தவளும் சிரித்துவிட்டுச் சொன்னாள். "டீக்கடைக்காரன் யோக்கியனான்னு விசாரிச்சுட்டா நீ டீ குடிக்கிற? எனக்கு அந்தாளு மொகரையப் பாத்தா எரியும். பாட்டக் கேட்டா இடுப்பு வலி மறக்கும். எனக்கு இடுப்புத்தான் முக்கியம்."

"டீக்கடைக்காரன் பொண்டாட்டிய அடிச்சுட்டு, அந்த அடியில டீ போட்டு விக்கலயே அத்தே."

டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அதே பாட்டுத்தான். கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். மூத்தவள் என்னைக் கேட்டாள். "நீ சொல்லுத்தா. ஒன் அக்காதான."

"பாட்டு நல்ல பாட்டு" என்றேன்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மகள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டில் அடுத்த அறையில்.

"சின்னம்மா, எனக்கு அம்மா குரல் ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் வரல. பாட்டுல அம்மா பேசுறது ஒரே ஒரு வார்த்தைதான். அந்த இருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க. அன்னைக்கு எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லிக் காட்டுங்க. மேடையில நான் அதே மாதிரி சொல்லணும்."

இவ்வளவு நாளில் அவள் என்னிடம் கேட்ட பெரிய விஷயம் அதுதான். அவளுக்கு அம்மா என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தை. நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்தேன். பொய்யை எடுத்துக் கொடுத்தால் அதை மேடையில் வைத்துச் சாமி கும்பிடுவாள் என்று தெரிந்தது.

"இருக்கேன்" என்றேன்.

"இது நீங்க. அம்மா மாதிரி சொல்லுங்க."

"அன்னைக்குச் சொன்னது இதுதான்."

சொன்னதும் புரிந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிதித்தது, மரத்தடி, நாலு சுற்று. அழுவாள் என்று நினைத்தேன். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று இருந்தேன். அவள் கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டுக்கொண்டே போனாள்.

"கொப்பு விழுந்த பிறகு எத்தனை தடவ சொன்னீங்க?"

"ரெண்டு."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல. ஒரு மூச்சு நிறுத்தினாரு. அம்புட்டுத்தான்."

"எப்ப?"

"கொப்பு விழுந்த பொறகு. மொதத் தடவை."

அவள் வெங்காயத் தோலைக் கையால் கூட்டி ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கே இப்ப ஒரு வார்த்தையில தெரிஞ்சிருச்சு, அது நீங்கன்னு. அப்பாவுக்குத் தெரியாதா சின்னம்மா?"

நான் உரித்த வெங்காயம் கையில் இருந்தது. அதைத் தட்டில் போட மறந்துவிட்டேன்.

இருபது வருஷமாக அந்த நிறுத்தல் என் காதில் இருக்கிறது. ஒரு தடவை கூட நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை. யாருக்குச் சளி என்று கண்டுபிடிக்கிற காது. பத்து வருஷம் கூடப் படுத்தவளின் குரல். அவருக்குத் தெரியும். கொப்பு முறிந்த சத்தம் பள்ளத்திலிருந்து வந்ததும் தெரியும். பள்ளத்தில் இருப்பவளுக்குப் பதிலாக வேறொருத்தி சொல்கிறாள் என்றும் தெரியும். ஒரு மூச்சு நேரம் யோசித்திருக்கிறார்.

ஏன் இறங்கி வரவில்லை என்று எனக்குத் தெரியாது. நடிக்கிறாள், சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் காதும் அந்தக் குரலும் ஒரே ஆளுடையது. ஜீப்பில் பாட்டு வேறு ஆள் வேறு என்று அடித்துக்கொள்கிறார்கள். காது மந்தமான ஆளாக இருந்தால் அப்படிப் பாட்டு வந்திருக்காது. அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நானும் அவரை மன்னித்திருப்பேன்.

மகள் எழுந்தாள். "கஞ்சி ஆறிருச்சா?" என்று கேட்டாள். ஆறிவிட்டது என்றேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நான் வாசல்படியில் நின்று பார்த்தேன்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பாடினாள். கங்காணி கூப்பிடுகிற பாட்டு, அவர் பாறையில் நின்று பாடினது. ஒரு அடி பாடி நிறுத்தினாள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் மின்னியது. மகள் பாடுகிறாள் என்று நினைத்திருப்பார்.

"பதில் சொல்லுங்கப்பா" என்றாள்.

அவர் விழித்தார்.

"எங்க தோட்டத்துல பதில் சொல்லாட்டி ஆள் இல்லைன்னு அர்த்தம். ஆள் இல்லாட்டி கஞ்சி எதுக்கு?"

இன்னொரு தடவை பாடினாள். நிறுத்தினாள். அவர் வாய் கோணிக்கொண்டு "ஏ" என்றது. எச்சில் ஒழுகியது. அவள் துடைத்துவிட்டாள். "சரியாக் கேக்கல. மெட்டோட சொல்லுங்க" என்றாள். ஆறு தடவை ஆயிற்று. ஆறாவது தடவை கரண்டி வாய்க்குப் போனது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தெரிந்தது. எதற்கு என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

நான் தடுத்திருக்கலாம். வெங்காயம் நறுக்கப் போனேன்.

திருவிழா அன்று காலையில் அவரை நாலு பேர் நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான்தான் உடுத்திவிட்டேன். சால்வை போட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர், இவர் பாட்டால் நம் ஊர் பேர் மலைக்கு அந்தப் பக்கமும் தெரிகிறது என்று பேசினார். ஜீப் பொம்பளைகள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வாய் சும்மா இருக்காத பிள்ளையும் வந்திருந்தாள்.

மகள் மைக்கை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள், அல்லது எல்லாவற்றையும் போட்டு உடைப்பாள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அவள் பாடினாள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவரே அப்படிப் பாடினதில்லை. மூத்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். படம் பிடிக்க வந்தவர் கண்ணைத் துடைத்தார்.

*கூப்புட்ட கொரலுக்கு வந்தியே*

என்று பாடி நிறுத்தினாள். முன்னால் இருந்த பொம்பளைகள் பதில் சொல்ல மூச்சு எடுத்தார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். மைக்கைக் கொண்டுபோய் அவர் வாயருகே பிடித்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் மைக்கை விலக்கவில்லை. வீட்டில் ஒரு வாரம் பழக்கியிருந்தாள். வாய் கோணியது. "ஏ... ஏ..." என்று அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. மாடு கத்துகிற மாதிரி இருந்தது. மெட்டு மட்டும் பிசகவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் ஊற்றியது. அவள் சத்தம் முழுசாக முடிகிற வரை பிடித்துக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்தாள். பிறகு பாட்டை எடுத்து முடித்தாள்.

ஊரே அழுதது. செத்த பொண்டாட்டிக்குப் புருஷன் பதில் சொல்கிறான் என்றார்கள். அப்பன் மகள் பாசம் என்றார்கள். வாய் சும்மா இருக்காத பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதாள். "தப்பாப் பேசிட்டேன் அத்தே" என்றாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

இப்போது ஜீப்பில் திருவிழாவில் படம் பிடித்த அந்தப் பாட்டுத்தான் ஓடுகிறது. பழையதை யாரும் போடுவதில்லை. அவர் சத்தம் வருகிற இடத்தில் டிரைவர்கள் ஒலியைக் கூட்டுகிறார்கள். பொம்பளைகள் கேட்டு அழுகிறார்கள். பாட்டு முன்னைவிட நன்றாக ஆகிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் மகள் ஊட்டுகிற வேளையெல்லாம் கூப்பிட்டுத்தான் கஞ்சி. மகள் கடைக்குப் போய், நான் மலைக்குப் போகாத நாளில் மதியக் கஞ்சி என் கையில். நான் கூப்பிடமாட்டேன், எனக்குப் பாடத் தெரியாது. சும்மா ஊட்டிவிடுவேன்.

போன வாரம் அவருக்குக் காய்ச்சல். காலையில் மகள் கூப்பிட்டபோது அந்த "ஏ" கூட வரவில்லை. அவள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். கிண்ணத்தில் ஆடை படிந்தது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி வாசல்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வழக்கம்தான். முடியாதவளுக்குப் பக்கத்துத் தூர்க்காரி சொல்வாள்.

மகளும் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நான் ஜீப்புக்குப் போனேன்.